காசும் கேஷும்

தமிழ் மன்ற மேடைகளில் ஆண்டுதோறும் தவறாமல் வலம் வரும் செய்திகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷ்’ என்னும் சொல் நம்முடைய ‘காசு’ என்னும் சொல்லின் திரிபே என்பது. பேச்சாளர் இதைச் சொல்லிச் சற்றே நிறுத்துவார்; கைதட்டல் எழும். கட்டுமரமும் சுருட்டும் கறியும் மிளகுத்தண்ணீரும் கப்பலேறிப் போய் ஆங்கில அகராதியில் குடியேறிய கதை அடுத்தடுத்து வரும். அந்த வரிசையின் தலையில் காசு முடிசூடி நிற்கும். வங்கியிலும் கடைத்தெருவிலும் உலகத்தார் நாள்தோறும் புழங்கும் சொல் நம் வீட்டுச் சொல் என்றால் யாருக்குத்தான் பெருமிதம் தோன்றாது?

இதில் உண்மை எவ்வளவு? முழுதும் பொய் என்று தள்ள முடியாது. முழுதும் மெய் என்று கொள்ளவும் முடியாது. நடந்த கதை இவ்விரண்டையும்விடச் சுவையானது.

மதுரையிலோ தஞ்சையிலோ பேசினால் இச்செய்தி கைதட்டலோடு முடிந்துவிடும். பெங்களூரில் அப்படி முடியாது. நம் வகுப்பில் அடுத்த இருக்கையில் கன்னடம் பேசும் நண்பர் இருக்கிறார். அவருக்கும் காசு காசுதான். அதற்கும் அடுத்த இருக்கையில் மொழியியல் பயில்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, “உங்கள் சான்று எங்கே?” என்று கேட்டால் கைதட்டல் உதவிக்கு வராது. ஒரு சொல்லில் நாம் பிடிபட்டோமானால், ஐயத்துக்கு இடமே இல்லாத கட்டுமரத்தையும் சுருட்டையும்கூட அவர் ஐயத்தோடுதான் பார்ப்பார். மெலிந்த சான்று வலிய சான்றையும் கெடுத்துவிடுகிறது. ஆகையால் நாமே முந்திக்கொண்டு அகராதியைத் திறந்து பார்ப்பது நல்லது.

சர் ஜேம்ஸ் மரே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தந்து தொகுத்த ஆக்ஸ்போர்டுப் பேரகராதியில் ‘கேஷ்’ ஒரே தலைப்பின்கீழ் இல்லை. தனித்தனித் தலைப்புகளில் இருக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. ஆயினும் சொற்கள் வேறு. பூமாலையும் அந்தி மாலையும் எழுத்தால் ஒன்றாக இருப்பதால் அவற்றை ஒரே சொல் என்று நாம் கொள்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

முதல் கேஷ், நாம் நாள்தோறும் கேட்பது. கையிருப்புப் பணம், ரொக்கம் என்னும் பொருளது. அதன் பழம்பொருள் பணம் அன்று, பெட்டி. இலத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. உரோமானியர் ஏட்டுச் சுருள்களை இட்டு வைத்த உருளை வடிவப் பெட்டிக்கு அப்பெயர் வழங்கியது. கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய வினைச்சொல் அதற்கு வேர். இந்தக் காப்சா இத்தாலியில் ‘காஸ்ஸா’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘காஸ்’ என்றும் ‘கேஸ்’ என்றும் வழங்கிற்று. பணத்தை எண்ணியும் மாற்றியும் கடன் கொடுத்தும் வாழ்ந்த இத்தாலிய வணிகருக்குப் பெட்டி என்றால் வேறு எந்தப் பெட்டி? பணப்பெட்டிதான். ஆங்கிலத்தில் இச்சொல் 1590களில் நுழைந்தது. நுழையும்போதே பணப்பெட்டி, பெட்டியில் உள்ள பணம் ஆகிய இரு பொருளையும் சுமந்துகொண்டு வந்தது. பிறகு பெட்டி மறைந்தது. பணம் மட்டும் நின்றது.

இப்படிப் பொருள் மாறுவது நமக்குப் புதிதன்று. பள்ளியில் படித்த இடவாகுபெயர்தான் இது. கடை சாத்தும் நேரத்தில் முதலாளி, “இன்றைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்கிறார். கல்லாப்பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? நம் கல்லா இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பெட்டியும் அதுதான், வசூலும் அதுதான். கேஷ் அந்த வழியை முழுதும் கடந்துவிட்டது. அவ்வளவே வேற்றுமை.

காப்சாவின் குடும்பம் பெரிது. சோடாப் புட்டிகளை அடுக்கும் கேஸ், மருந்தை அடக்கிய கேப்சூல், பாட்டைச் சுருட்டி வைத்த கேசட், பேருந்தின் அடிச்சட்டமாகிய சேசிஸ் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. எல்லாவற்றிலும் ஒன்றை உள்ளே வைத்துக் காக்கும் பெட்டியோ சட்டமோ இருப்பதைக் காணலாம். வழக்கறிஞர் நடத்தும் கேஸ் மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது ‘விழுதல், நேர்தல்’ என்னும் பொருளுடைய வேறொரு இலத்தீன் வினையிலிருந்து வந்தது.

இனிக் காலக்கணக்கைப் பார்ப்போம். சொல்லாராய்ச்சியில் இது பொல்லாத கணக்கு. எத்தனையோ அழகான கதைகளை ஓர் ஆண்டு எண் கொன்றுவிடுகிறது. ஷேக்ஸ்பியர் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தை எழுதியது ஏறத்தாழ 1599இல். அதில் ஒரு போக்கிரி, தான் பட்ட கடனைக் கேஷாகக் கொடுப்பதாகச் சொல்கிறான். மேடையில் அதைக் கேட்டு நின்ற சாதாரண மக்களுக்கு அச்சொல் விளங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போக்கிரியின் வாயில் கவிஞர் அதை வைத்திருக்க மாட்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத்து அரசி பட்டயம் தந்ததோ 1600 டிசம்பர் 31ஆம் நாள். சென்னையில் கோட்டை கட்ட நிலம் கிடைத்தது 1639இல். ஆங்கிலேய வணிகன் சோழமண்டலக் கரையில் காசை எண்ணத் தொடங்கு முன்பே இலண்டன் கடைத்தெருவில் கேஷ் புழங்கிவிட்டது.

“போர்ச்சுகீசியர் 1498இலேயே வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாக நம் காசு அங்கே போயிருக்கலாமே?” என்று ஒரு நண்பர் கேட்கலாம். கேள்வி நல்ல கேள்விதான். அப்படிப் போயிருந்தால் ஆங்கிலத்தில் அச்சொல்லின் பழம்பொருள் ‘கீழ்நாட்டுச் சிறு நாணயம்’ என்று இருந்திருக்க வேண்டும். இருப்பதோ ‘பெட்டி’. காசு என்றால் பெட்டி என்று தமிழில் எந்தக் காலத்திலும் பொருள் இருந்ததில்லை. இலத்தீனிலிருந்து இத்தாலி, பிரான்சு வழியாக வந்த பாதையில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒலி மட்டும் ஒத்தால் போதாது. காலமும் வழியும் பொருளும் ஒத்து வரவேண்டும்.

ஒலியை மட்டும் நம்பினால் எங்கே போய் விழுவோம் என்பதற்கு அருகிலேயே இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘கேஷியர்’. வங்கியில் கம்பிக்குப் பின்னால் அமர்ந்து பணம் எண்ணுகிறவர் கேஷியர். அவர் பெட்டிக்காரர், காப்சாவின் பேரர். ஆனால் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. படையதிகாரி ஒருவரை இழிவுபடுத்திப் பதவியினின்று நீக்குதல் என்பது அதன் பொருள். அதற்கும் பணத்துக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ‘இல்லையென்று ஆக்குதல், உடைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினைகள் பிரெஞ்சிலும் டச்சு மொழியிலும் புகுந்து, ஆங்கிலப் படைவீரர் வாயில் அவ்வடிவம் பெற்றன. பணம் கையாடிய அதிகாரியைக் ‘கேஷியர்’ செய்தார்கள் என்று படிக்கும்போது நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், மயக்கம்தான்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெங்களூர்க் கிளப்பின் பழைய கணக்கேடு ஒன்றில், 1899ஆம் ஆண்டு வசூலாகாது என்று தள்ளுபடி செய்த கடன்களின் பட்டியல் இருக்கிறது. அதில் லெப்டினன்ட் சர்ச்சில் என்பவர் பெயருக்கு எதிரே 13 ரூபாய். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான அதே வின்ஸ்டன் சர்ச்சில்தான். கேஷ் கொடுக்காமல் போன அந்த இளம் அதிகாரியை எவரும் ‘கேஷியர்’ செய்துவிடவில்லை என்பதை வரலாறு அறியும்.

மற்றொரு சொல் ‘கேஷ்யூ’, அதாவது முந்திரி. மலையாளக் கரையில் முந்திரி விற்ற மூதாட்டியிடம் வெள்ளைக்காரன் விலை கேட்டானாம். “காசுக்கு எட்டு” என்றாளாம். அதுவே ‘கேஷ்யூ நட்டு’ ஆயிற்றாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்திரி மரமே நம் நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நட்டது. அந்நாட்டுத் தூப்பி மக்கள் அதை ‘அக்காஜூ’ என்றார்கள். போர்ச்சுகீசியர் ‘காஜு’ என்றார்கள். ஆங்கிலேயர் ‘கேஷ்யூ’ என்றார்கள். மரம் வரும்போதே பெயரையும் கட்டிக்கொண்டு வந்தது. மூதாட்டிக்கு இதில் வேலையே இல்லை.

இவ்வளவு சொன்னதும், காசுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அகராதியில் இரண்டாவது கேஷ் இருக்கிறதே! அது நம்முடையது.

அந்த இரண்டாவது கேஷின் பொருள்: கீழை நாடுகளில் வழங்கிய குறைந்த மதிப்புள்ள நாணயம். அது போர்ச்சுகீசியச் சொல் வழியாகத் தமிழ்க் ‘காசு’ என்பதிலிருந்து வந்தது என்று அகராதி வெளிப்படையாகவே எழுதுகிறது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியமும் அப்படியே கூறுகிறது. அவர்களுள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். காவிரிக்கரைக் கடைத்தெருவில் காசு என்ற சொல்லைத் தம் காதாலேயே கேட்டவர்.

போர்ச்சுகீசியர் இதில் எப்படி வந்தார்கள்? அவர்கள் மொழியிலும் காப்சாவின் பிள்ளை ஒன்று இருந்தது. ‘கைஷா’ என்பது அதன் பெயர், பெட்டி என்பது அதன் பொருள், பணப்பெட்டியையும் குறிக்கும். மேற்குக் கரையில் இறங்கிய அவர்கள், சிறு நாணயத்தைக் ‘காசு’ என்று மக்கள் சொல்லக் கேட்டார்கள். புதிய சொல்லைக் கேட்ட காது, தனக்குப் பழகிய சொல்லின் சாயலில் அதைப் பிடித்துக்கொள்வது இயல்பு. நாம் ‘ஹாஸ்பிடலை’ ஆசுபத்திரி ஆக்கவில்லையா? அதுபோலவே அவர்கள் காசைக் கைஷா ஆக்கினார்கள். அதனால், தன் வீட்டில் பெட்டியைக் குறித்த சொல்லின் சட்டையையே நம் காசும் அணிந்துகொண்டது. பின்னால் வந்த ஆங்கிலேயர் இதைத் தம் மொழியில் முன்பே இருந்த ‘கேஷ்’ என்னும் வடிவத்தில் எழுதினார்கள். இரண்டு சொற்களும் எழுத்தால் ஒன்றாகிப் போனது இவ்வாறுதான். உடன்பிறப்பு அன்று, ஒரே தையற்காரரிடம் துணி தைத்துக்கொண்ட இருவர்.

ஐரோப்பியர் ஏட்டில் நம் காசு ஏறியது மிக முன்னதாகவே. வார்த்தெமா என்ற இத்தாலியப் பயணி கோழிக்கோட்டைப் பார்த்துவிட்டுப் போய் 1510இல் உரோமையில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு வெள்ளித் தாரத்துக்குப் பதினாறு ‘காஸ்’ என்று அதில் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் குரங்குகள் மிகுதி என்றும், ஒரு குரங்கின் விலை 4 காஸ் என்றும் சேர்த்துச் சொல்கிறார். குரங்குக்கு ஏன் நான்கு காசு என்பது யூலுக்கும் பர்னலுக்கும் விளங்கவில்லை. அதை அவர்கள் அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுத்துக் குரங்கை வாங்கும் அளவுக்கு அந்நாளில் குரங்குக்குத் தட்டுப்பாடு இல்லையே என்பது என் ஐயமும்கூட.

இந்தக் காசு பிறகு போன தொலைவு வியப்புக்குரியது. போர்ச்சுகீசியர் மலாய்த் தீவுகளுக்கும் சீனத்துக்கும் சென்றபோது அங்கு வழங்கிய சிறு நாணயங்களையும் கைஷா என்றே அழைத்தார்கள். சீனத்து நாணயம் வட்டமாக இருக்கும். நடுவே சதுர ஓட்டை இருக்கும். ஆயிரத்தைக் கயிற்றில் கோத்து ஒரு சரமாக எண்ணுவார்கள். சீனர் அதற்கு வைத்த பெயர்கள் வேறு. ஆனால் ஆங்கிலத்தில் சீன வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதை ‘கேஷ்’ என்றே எழுதுகிறார்கள். பீக்கிங் நகரத்தில் தேநீருக்கு எத்தனை கேஷ், கூலியாளுக்கு எத்தனை கேஷ் என்று படிக்கிறோமே, அங்கே வருவது காப்சாவின் கேஷ் அன்று, நம் காசு. தமிழ்நாட்டுக் கடைத்தெருச் சொல் ஒன்று சீனத்து நாணயத்துக்கு உலகப் பெயராகி நிற்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இல்லாத உறவுக்குக் கைதட்டுகிறோம். இருக்கும் உறவை மறந்துவிடுகிறோம்.

சோழமண்டலக் கரைக்கு வருவோம். இங்கே கடை விரித்த ஐரோப்பியர் அனைவரும் காசைக் கையில் எடுத்தார்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர் தம் செப்பு நாணயங்களில் ‘காஸ்’ என்றே பொறித்தார்கள். எண்பது காசு ஒரு பணம். பணத்தை அவர்கள் ‘பானோ’ என்றார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் கணக்கில் அது ‘காஷ்’. சென்னையில் கம்பெனியார் கணக்கு வைத்த முறை இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு! மனக்கணக்கில் வல்ல நம் முன்னோர் இதையெல்லாம் வாயாலேயே கூட்டிக் கழித்தார்கள். இந்த முறை 1818இல் ரூபாய்க்கு இடம் கொடுத்து ஒதுங்கியது.

கம்பெனியார் 1803இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோகோ என்னும் இடத்தில் மாத்யூ போல்ட்டனின் நீராவிப் பொறிகளைக் கொண்டு சென்னைக்கெனச் செப்புக்காசுகள் அடித்தார்கள். இருபது, பத்து, ஐந்து, ஒன்று என்று நான்கு வகை. இருபது காசு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. மறுபக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு வேடிக்கையைக் காண்பார். ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்று இருக்கும். பாரசீக எழுத்தில், இருபது ‘காஸ்’ நான்கு பலூசுக்குச் சமம் என்று இருக்கும். பாரசீகத்தில் எழுதியவர் காதால் கேட்டபடி எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியவர் தம் மொழிச் சட்டையை மாட்டி எழுதினார். சொல்லின் வரலாறு முழுவதும் ஒரே செப்புத் துண்டின் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சான்று நம் மைசூர் நாட்டிலேயே உண்டு. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1799 முதல் 1868 வரை அரசுப் பெயர் தாங்கியவர். அவர் பெயரால் வெளியிட்ட செப்பு நாணயங்களில் யானையும், பின்னர் வந்தவற்றில் சிங்கமும் இருக்கும். மறுபக்கத்தில் மூன்று மொழிகள். கன்னடத்தில் ‘மயிலி காசு’ என்றும் அதன் எண்ணும். ஆங்கிலத்தில் அதே எண்ணும் ‘கேஷ்’ என்ற சொல்லும். பாரசீகத்தில் நாணயம் அடித்த ஊர்ப்பெயர். காசும் கேஷும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே உலோகத்தில் நிற்கின்றன. ‘இந்தக் கேஷ் எந்தச் சொல்லின் ஆங்கிலம்?’ என்று கேட்பவருக்கு அகராதியே வேண்டாம். இந்த நாணயத்தைக் கையில் கொடுத்தால் போதும்.

கன்னடத்தில் ‘காசு’ என்று பொறித்திருக்கிறதே, அப்படியானால் அது தமிழ்ச் சொல்தானா என்று கன்னட நண்பர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். காசு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் காசு, தெலுங்கில் காசு, மலையாளத்தில் காசு. சிங்களத்திலும் நாணயத்துக்குக் ‘காசி’ என்னும் வழக்கு உண்டு. பரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர்கள் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இதற்கு இடம் உண்டு. யூலும் பர்னலும் இதை வடமொழியில் எடையைக் குறிக்கும் ‘கர்ஷம்’ என்பதோடு இணைத்தார்கள். இவ்வழக்கு இன்னும் முடிவாகவில்லை. எப்படி முடிந்தாலும், ‘காசு எங்கள் சொல்’ என்று பெங்களூரில் தமிழர் சொல்லும்போது ‘எங்கள்’ என்பதைவிட ‘நம்’ என்பதே பொருந்தும். அலசூரிலும் சிவாஜி நகரிலும் சில்லறை மாற்றுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். “காசிகெ தக்க கஜ்ஜாய” என்பது கன்னடப் பழமொழி. கொடுத்த காசுக்குத் தக்க அதிரசம் என்பது பொருள். இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குக் கஜ்ஜாயத்தின் சுவை தெரிந்தால் போதும். காசுக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் கன்னட வீட்டில் “ஹாலு காசு” என்று அம்மா சொன்னால் பால் காசைத் தேட வேண்டாம். பாலைக் காய்ச்சச் சொல்கிறார். அந்தக் காசு வேறு.

தமிழில் காசின் பழைய வாழ்வு செல்வ வாழ்வு. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாட்டு ஒன்றில், கிளி ஒன்று வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பற்றியிருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசைக் கூர்நகத்தால் பற்றியிருப்பது போல் அது தோன்றுகிறதாம். அங்கே காசு நாணயமன்று, அணிகலனில் கோக்கும் பொன்மணி. காசுமாலை இன்றும் அந்தப் பொருளை விடாமல் காத்து வருகிறது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். அரைக் கழஞ்சுப் பொன்னுக்கு ஒரு காசு. அதே காசு, எட்டு நூற்றாண்டு கழித்துக் கம்பெனிக் கணக்கில் வராகனில் 3,360இல் ஒரு பங்கு! சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு போலும். மணியில் உள்ள குற்றத்துக்கும் காசு என்று பெயர். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாட்டில் ஒன்றாகவும் காசு இருக்கிறது. 1,330 குறளும் இந்நான்கில் ஒன்றைக் கொண்டுதான் முடிந்தாக வேண்டும். பொருட்பாலை எழுதியவர் என்பதால் வள்ளுவர் காசைச் சற்று மிகுதியாகச் செலவழித்திருக்கிறாரா என்பதை இலக்கிய மாணவர் யாராவது எண்ணிப் பார்க்கலாம். தேர்வு முடிந்த பிறகு.

நாணயமாகவும் காசு நீண்ட நாள் உயிரோடு இருந்தது. புதுக்கோட்டை மன்னர் வெளியிட்ட அம்மன் காசை நம் பாட்டிமார் முடிந்து வைத்திருந்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கு 1949 வரை நடந்தது. அந்த நாணயங்களில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றே பொறித்திருந்தது. 1957இல் நயா பைசா வந்தபோது, அரசாங்கம் பைசா என்று சொல்லிக்கொண்டிருக்க, தமிழர் பத்துக் காசு, இருபத்தைந்து காசு என்றே பேசினார்கள். சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் இன்றும் டாலர் ‘வெள்ளி’, செண்டு ‘காசு’. கொடுத்ததைப் போல் கொண்டதும் உண்டு. நாம் வாய் நிறையச் சொல்லும் ‘துட்டு’, டச்சுக்காரரின் செப்பு நாணயமான ‘டாய்ட்’ என்பதன் திரிபு என்பாரும் உளர். அது உறுதிப்பட்டால், அடுத்த ஆண்டு மேடையில் டச்சு மாணவர் யாரேனும் வந்து கைதட்டல் வாங்கிப் போகட்டும்.

சோகோவில் அடித்த காசுகளின் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. 1808ஆம் ஆண்டு முத்திரையிட்ட பத்துக் காசுகளையும் இருபது காசுகளையும் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கம்பெனிக் கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 சனவரித் திங்கள் 24, 25ஆம் நாட்களில் அடித்த புயலில், இங்கிலாந்தின் கென்ட் கரையைக்கூடத் தாண்டாமல், குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஏறக்குறைய 175 ஆண்டுகள் காசுகள் கடலடியில் கிடந்தன. 1980களில் மூழ்காளிகள் அவற்றைக் கண்டு இலட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். நாணயம் சேர்ப்போர் வியாபாரத்தில் இன்றும் அவை கைமாறுகின்றன. கடல்நீர் தின்ற விளிம்போடு சில, நேற்று அடித்ததுபோல் பளபளப்பாகச் சில. சென்னைக் கொத்தவால் சாவடியில் ஒரு பிடி கீரைக்கும் இரண்டு கத்தரிக்காய்க்கும் கைமாறியிருக்க வேண்டிய காசுகள் அவை. சென்னையைக் கண்ணாலும் காணாத அந்தக் காசுகளைக் கேஷ் கொடுத்து வாங்குகிறார்கள்.